துவைகல்லுக்கு அடியில் இரண்டு பேர்

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ கொட்டுவேன், கேட்க நினைத்ததைக் கேட்பதற்குள் வைத்துவிடுவீர்கள். எனக்கு எழுத்தில்தான் வாய் திறக்கும்.

நீங்கள் இருவரும் நலமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணன், அண்ணி, குழந்தை எல்லாரும் சுகம்தானே?

நான் நலம். நீங்கள் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு, வீடு விற்கும்வரை என்னை இங்கேயே இருந்துகொள்ளச் சொன்னது பெரிய உதவி. இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு நடந்தே போய்விடுகிறேன். மாடிக் குழாய் ஒழுகியதைச் சரிசெய்துவிட்டேன்.

கேட்க வந்தது இதுதான். வீட்டுக்குப் பின்னால் துவைகல்லுக்கு அடியில் இரண்டு ஆமைகள் இருக்கின்றன. மோட்டார், சாவி, பூட்டு எல்லாம் சொன்ன நீங்கள் இதைச் சொல்லவில்லை. வந்து சில நாட்கள் எனக்கே தெரியாது. கல் என்று நினைத்து ஒன்றின் மேல் வாளியை வைத்துவிட்டேன். வாளி நகர்ந்தது.

சோப்புத் தண்ணீர் முழுக்க அவை இருக்கும் இடத்தில்தான் போய் நிற்கிறது. பெரியதன் ஓட்டு விளிம்பில் ஒரு துளை. அதில் கம்பி கோத்துக் குழாயோடு கட்டியிருக்கிறது. சின்னதைக் கட்டவில்லை. அதற்கு அவசியம் இல்லை, அது நடப்பதே இல்லை. கண் இரண்டும் வீங்கி மூடியிருக்கின்றன. அதன் ஓட்டை விரலால் தொட்டேன், அமுங்கியது. ஆமை ஓடு அமுங்குமா, மாமா?

பக்கத்து வீட்டு டிரைவர் மதிலுக்கு மேலிருந்து மிச்ச ரொட்டியை எறிகிறார். கேட்டால், “உங்க மாமாதான் போடச் சொல்லிட்டுப் போனாரு” என்கிறார். என்ன தின்னக் கொடுப்பது, கம்பியை அவிழ்க்கலாமா, யாருடையவை இவை? இரண்டு வரி எழுதினால் போதும்.

பணிவுடன்,
தங்கள் மருமகள்


பிப்ரவரி 20

அன்பு மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனுக்குப் பல் முளைக்கிறது, வீடே தூங்கவில்லை. அத்தை உன்னை ரொம்ப விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

உன்னை ஊமைக்கோட்டான் என்று நான் கூப்பிட்டது சும்மா இல்லை. நேரில் வாயைத் திறக்க மாட்டாய், தாளைக் கொடுத்தால் வக்கீல் மாதிரி கேள்வி கேட்கிறாய். அந்த ஆமைகள் இன்னுமா இருக்கின்றன? அதுகளுக்கு ஒன்றும் ஆகாது, நூறு வருஷம் கிடக்கிற ஜென்மம். பெரியது கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்குப் போய்க்கொண்டே இருந்தது. யார் பின்னால் ஓடுவது? துளை போட்டது நான்தான். ஓடு என்பது நம் நகம் மாதிரி, வலிக்காது. மிச்சம் மீதி ஏதாவது போடு, அது போதும்.

நம் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நீ. ‘அவளைப் படிக்க வைத்தவன் நான்’ என்று இங்கே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆமை மேய்க்கவா படித்தாள் என்று எவனும் கேட்டுவிடக் கூடாது. ஒழுங்காக அரசு வேலைத் தேர்வுகளுக்குப் படி.

ஆசிகளுடன்,
மாமா


மார்ச் 3

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நலம், நலமே விழைகிறேன். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா?

கம்பியை அறுத்துவிட்டேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிக்கவும். உங்கள் பதில் வருவதற்குள் துளையில் சீழ் வைத்துவிட்டது. இரண்டையும் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன்.

ஓடு நகம் மாதிரி இல்லையாம், மாமா. உள்ளே எலும்பு இருக்கிறது, ரத்தம் ஓடுகிறது, தொட்டால் தெரியும். டாக்டரம்மா துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “உன் பல்லுல ஓட்டை போட்டு வாசல்ல கட்டிப் போட்டா சும்மா இருப்பியா?” நான் போடவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், யார் போட்டது என்று அடுத்த கேள்வி வரும். உங்களுக்கான திட்டை நானே வாங்கிக்கொண்டேன். வரிசையில் நாய்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

சின்னதுக்கு எலும்பு மெழுகாகிவிட்டது. வெயில் இல்லை, பச்சை இல்லை, வெறும் ரொட்டி. அலகு கிளி மூக்கு மாதிரி வளைந்து வாயையே மறைத்துவிட்டது. அரத்தால் ராவி எடுத்தார்கள். அது கத்தவில்லை, அதற்குக் கத்தத் தெரியாது.

எனக்கும் ஒன்றும் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆமை என்றால் தண்ணீர் என்று நினைத்து, சோப்பு போகட்டும் என்று பெரியதை நிறைந்த தொட்டியில் விட்டேன். நேராக அடியில் போய் உட்கார்ந்தது. இதோ நீந்தும், இதோ நீந்தும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். கால்களை உதைத்தது, மேலே வரவில்லை. வெளியே எடுத்தபோது மூக்கிலிருந்து தண்ணீர் வந்தது. இவை தரை ஆமைகள். தாடை நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் காட்டலாம்.

இவை எத்தனை வருஷமாக வீட்டில் இருக்கின்றன என்று டாக்டரம்மா கேட்கிறார். அத்தையைக் கேட்டு எழுதுங்கள்.

பணிவுடன்,
மருமகள்


மார்ச் 30

அன்பு மருமகளுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அத்தைக்கு இந்த ஆமைக் கதையெல்லாம் ஞாபகம் இல்லை.

நல்ல செய்தி. வீட்டை வாங்கப் போகிறவர் கிடைத்துவிட்டார். பெரிய ஹோட்டல் வைத்திருக்கிறார். பேச்சோடு பேச்சாக ஆமைகளைப் பற்றிச் சொன்னேன், ஆள் குஷியாகிவிட்டார். வரவேற்பறையில் நீரூற்றுக் குளம் கட்டியிருக்கிறாராம், அதில் விட்டால் பிள்ளைகள் வேடிக்கை பார்க்கும் என்றார். உன்னைப் பற்றியும் சொன்னேன். கணக்குப் பிரிவில் இடம் தருகிறேன் என்றிருக்கிறார். ஆமைகளால் உனக்கு ஒரு நல்லது நடந்ததாக இருக்கட்டும்.

அதுவரை டாக்டர், கீக்டர் என்று அலையாதே. நாலு பேர் பார்த்தால் நாங்கள் ஏதோ கொடுமைக்காரர்கள் என்று நினைப்பார்கள். உன்னையும் இப்படித்தானே ஆளாக்கினேன், உனக்கு என்ன குறை வந்தது?

மாமா


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நலமா? நான் நலம்.

அலுவலகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். ‘தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்கிறேன். மேலாளர் சொல்லும் ‘முடியாது’, நிறுவனம் சொல்லும் ‘முடியாது’. என் சொந்த ‘முடியாது’ ஒன்றை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். முடியாது, மாமா.

அவை மூழ்கும். போன கடிதத்தில் எழுதியிருந்தேன். நீங்கள் அந்த இடத்தைப் படிக்கவில்லை, அல்லது படித்துவிட்டுத்தான் ஹோட்டல்காரரிடம் பேசினீர்கள். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை.

எனக்கு என்ன குறை வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் இல்லை. நன்றி மறக்கவில்லை. ஆனால் நீங்கள் எனக்குச் செய்த நல்லதற்கு இந்த இரண்டும் ஏன் சாக வேண்டும்?

என் தப்பு ஒன்றும் நடந்தது. ஓடு வெளிறிக் கிடக்கிறதே என்று அம்மாவிடம் சொன்னேன். “எண்ணெய் தடவும்மா” என்றார். எங்கள் வீட்டில் எதற்கும் எண்ணெய்தான்: தையல் மெஷினுக்கு, கதவுக்கு, என் தலைக்கு. நானும் தினமும் தடவி வந்தேன். பளபளவென்று இருந்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“இதென்ன ஆமையா, அப்பளமா? யாரு தடவச் சொன்னது?”

“எங்கம்மா.”

“உங்கம்மாவ அடுத்த தடவ கூட்டிட்டு வா, அவங்களுக்கும் சேத்துத் திட்டுறேன்.”

எண்ணெயில் அழுக்கு ஒட்டி, பெரியதன் முதுகில் பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுகிறேன். காலையில் வெயில், பிறகு புல், செம்பருத்தி இலை, சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓட்டுத் தூள். பெரியது தின்கிறது. சின்னதுக்கு மருந்தைக் குழாய் வைத்து ஊட்டுகிறேன்.

அத்தை, இந்த இடத்தை நீங்களும் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.

மருமகள்


ஏப்ரல் 28

மருமகளுக்கு,

ஹோட்டல் ஆட்கள் மே 20ஆம் தேதி வாக்கில் வருவார்கள். கொடுத்துவிடு. அத்தையைக் கேட்டேன், அவளும் சம்மதம் என்றுவிட்டாள். என் வீட்டில் இருக்கும் பொருளை யாருக்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியும்.

மாமா


மே 2

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கென்று தனியாக எழுத வேண்டியிருந்தது. அண்ணி வேலை பார்க்கும் பல் மருத்துவமனை முகவரிக்கு அனுப்புகிறேன். குழந்தையின் படங்களை அவர் அங்கிருந்துதான் ஒருமுறை அனுப்பினார், உறையில் முகவரி இருந்தது. இன்று நலம் விசாரிக்க மனம் வரவில்லை. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். நலமா?

மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் உங்கள் கையெழுத்தில் ஒரு வரி வரவில்லை. ‘அத்தை விசாரித்தாள்.’ ‘அத்தைக்கு ஞாபகம் இல்லை.’ ‘அத்தை சம்மதம்.’ அந்தத் துவைகல்லில் துணி துவைத்தவர் நீங்கள். கட்டிப் போட்ட பிறகு மாமா அந்தப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார். சோப்புத் தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று உங்களுக்குமா தெரியாது? வாய் இல்லாத இரண்டு ஜீவன்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு எப்படி அத்தை துணி அலசினீர்கள்?

எனக்கு மாமா மேல் வராத கோபம் உங்கள் மேல் வருகிறது. அவர் அப்படித்தான் என்று ஊருக்கே தெரியும். நீங்கள் அப்படி இல்லை என்று நினைத்திருந்தேன். சின்ன வயதில் இந்த வீட்டுக்கு வந்தால், நான் பேச மாட்டேன் என்று எல்லாரும் சேர்ந்து கேலி செய்வார்கள். நீங்கள் மட்டும் என்னைப் பேசச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். அந்த அத்தைதான் ஆமையை நீரூற்றில் போடச் சம்மதித்தாரா? உங்கள் கையால் எழுதுங்கள். நம்புகிறேன்.

மருமகள்


மே 13

கண்ணு,

உன் கடிதத்தை அண்ணி சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். குளியலறையில் நின்று படித்தேன். நான் நலம்.

நீ எழுதியதாகச் சொல்லும் கடிதங்களில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. இங்கே தபால் பெட்டிச் சாவி மாமாவிடம். நீ எழுதுவதே இல்லை, வேலை கிடைத்ததும் எங்களை மறந்துவிட்டாய் என்று நினைத்திருந்தேன்.

அண்ணியின் பேறுகாலம் பார்க்க நான் முன்னால் வந்துவிட்டேன். மாமா ஐந்து மாதம் கழித்து வந்தார். நான் கிளம்பியதுமே இரண்டையும் மிருகக்காட்சிசாலையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அங்கிருக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகப் போனில் சொல்வார். பெரியவர் (பெரியதை அப்படித்தான் கூப்பிடுவேன், சின்னது பொடி) அங்கே இன்னோர் ஆமையோடு சிநேகமாகிவிட்டார், பொடி கொழுத்துவிட்டது, பலகையில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள் என்பார். பேரனைத் தூங்க வைக்க நான் தினமும் அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

அவற்றை நான் துவைகல் பக்கம் வைத்ததில்லை. கொய்யா மரத்தடியில் மண்ணைக் கொத்தி, தகரம் வேய்ந்து வைத்திருந்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், பிராணிகள் விற்கிற கடையைக் காலி செய்துவிட்டுப் போனவன் இரண்டையும் அட்டைப் பெட்டியில் போட்டுப் படியில் விட்டிருந்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அவை என்னுடையவை. மாமாவுடையவை இல்லை, வீட்டோடு சேர்ந்தவையும் இல்லை.

யாருக்கும் கொடுக்காதே. எனக்கு அண்ணியின் முகவரிக்கே எழுது.

அத்தை


மே 24

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? நான் உங்களைத் திட்டி எழுதியதை நினைத்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மிருகக்காட்சிசாலையை நினைத்தேன். வந்த ஆத்திரத்தில் பசித்துவிட்டது, நன்றாகச் சாப்பிட்டேன்.

கொய்யா மரம் இல்லை, அத்தை. அங்கே சிமெண்டு போட்டு, கார் நிறுத்துமிடம் என்று மஞ்சள் கோடு கிழித்திருக்கிறது. வீடு விற்பதற்காக இருக்கும்.

ஹோட்டல்காரரே நேரில் வந்தார். கூடவே மேலாளர், மேலாளர் கையில் மீன் கூடை. நான் கேட்டைத் திறக்காமல் நின்றேன்.

“ஏம்மா, சார் சொல்லலையா? ரெண்டு ஆமை.”

“சொன்னாரு.”

“அப்ப எடுத்துட்டு வாங்க.”

“தர மாட்டேன்.”

மேலாளர் சிரித்தார். “நாளைக்கு எங்ககிட்டதானே வேலைக்கு வரப் போறீங்க? இப்பவே முதலாளிகிட்ட மல்லுக்கு நிக்கிறீங்க?”

“வேலைக்கு வரல.”

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஹோட்டல்காரர் தன்மையாகத்தான் பேசினார். “தண்ணியக் கண்டா அதுங்களுக்கு சந்தோஷம்தானேம்மா?”

“மூழ்கிப் போயிரும்.”

“மூழ்கினா வேற வாங்கி விட்டுக்கலாம். இதுக்கா இவ்வளவு?”

அதைக் கேட்டதும் கம்பியை விட்டுவிட்டேன். உள்ளே போய் வீட்டைப் பூட்டினேன். அவர்கள் கொஞ்ச நேரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள்.

மறுநாளே காலி செய்துவிட்டேன். பக்கத்து வீட்டு டிரைவர் தன் வண்டியில் ஏற்றிவிட்டார். வழியெல்லாம், “நான் ரொட்டி போட்டது தப்பா தங்கச்சி, நல்லதுன்னுதானே போட்டேன்” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அச்சகத்துக்குப் பின்னால் ஓர் அறை, கதவைத் திறந்தால் கையகல மண் தரை, காலை வெயில். வீட்டுக்காரம்மாவிடம் பயந்து பயந்து சொன்னேன். “ஆமையா? நாய்தான் கூடாதுன்னு போர்டு வச்சிருக்கேன். ஆமைக்கு போர்டு இல்லையே” என்றார். உங்கள் வீட்டுச் சாவியைப் பதிவுத் தபாலில் மாமாவுக்கே அனுப்பிவிட்டேன்.

ஒரு செய்தி. உங்கள் பெரியவர் பெண்ணாம். டாக்டரம்மா திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். பொடிக்கு வீக்கம் வடிந்து ஒரு கண் திறந்திருக்கிறது. இன்னொன்று திறக்காது. ஓடு இனி நேராகாது, ஆனால் அமுங்குவது நின்றுவிட்டது.

உங்கள் மருமகள்


ஜூன் 5

நலம் விசாரிக்க ஒன்றும் இல்லை. சாவி வந்தது. ஹோட்டல்காரர் என் முகத்தில் துப்பாத குறை. வீட்டு விற்பனை தொங்குகிறது. நான் படிக்க வைக்காவிட்டால் இன்று எனக்கு எதிராக எழுத உனக்கு எழுத்தே தெரிந்திருக்காது. ஆமைகளைத் திருப்பிக் கொண்டுவந்து வை. இல்லையென்றால் திருட்டுப் புகார் கொடுப்பேன், உறவு என்று பார்க்க மாட்டேன். அத்தை உன்னை நினைத்து அழுகிறாள்.

மாமா


ஜூன் 21

கண்ணு,

நலமா? அங்கே மழை வந்துவிட்டதா? ஈரத்தில் விடாதே, பொடிக்குச் சளி பிடிக்கும். செம்பருத்தியில் இலையைவிடப் பூவென்றால் உயிர். மடித்துக் கொடு, ஒரு கண்ணாலும் கண்டுபிடித்துவிடும்.

நீ ஏதோ சாமானை எடுத்துக்கொண்டு போய்விட்டதாக மாமா வீட்டில் சொல்கிறார். என்ன சாமான் என்று கேட்டேன். “உனக்கெதுக்கு” என்றார். போன ஞாயிற்றுக்கிழமை, “அதுங்க அங்க எப்படி இருக்கோ” என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். “ராஜா மாதிரி இருக்கும்” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல். சரி என்று போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

வந்து பார்க்க வேண்டும் போல இருக்கிறது. தனியாக எப்படி வருவது? மாமாவிடம் நல்ல நேரம் பார்த்துக் கேட்க வேண்டும்.

பெரியவரைப் பெரியவர் என்றே கூப்பிடு. இத்தனை வருஷம் கழித்து மாற்றினால் கோபித்துக்கொள்ளும்.

அத்தை


ஜூலை 1

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? முழங்காலுக்கு மருந்து போடுகிறீர்களா? நான் நலம். பூவை மடித்துக் கொடுத்தேன். பொடி முதலில் என் விரலைக் கடித்தது, பிறகு பூவைத் தின்றது. குழாயில் ஊட்டுவதை நிறுத்தியாயிற்று.

மாமா சொன்னபடியே புகார் கொடுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அதிகாரி சத்தமாகப் படித்தார், அறையில் எல்லாரும் சிரித்தார்கள். “ஓடிப் போன ஆளப் புடிக்கவே நேரம் இல்ல, இதுல ஆமை வேற.” நானும் சிரித்திருக்க வேண்டும், அது வரவில்லை. ஆமைகள் உங்களுடையவை என்று சொல்லி, உங்கள் கடிதத்தைக் காட்டினேன். “லெட்டர் எல்லாம் வேணாம்மா. உரிமைக்காரங்க நேர்ல வந்து ‘என்னோடது’ன்னு சொல்லட்டும், முடிஞ்சுது. இந்த மாசத்துக்குள்ள வரலன்னா புகார் கொடுத்தவருகிட்டதான் ஒப்படைக்கணும்” என்றார்.

மாமாவிடம் போனால் எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஹோட்டலில் குளம் தயாராக இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் ‘நல்ல நேரம் பார்த்து’ என்ற இடம் வந்ததும் தாளைக் கசக்கிவிட்டேன். பிறகு நீவி எடுத்து மறுபடி படித்தேன். அவர் உங்களிடம் சொன்ன ஞாயிற்றுக்கிழமைகளுக்கெல்லாம் நல்ல நேரம் பார்த்தாரா? என்னைப் படிக்க வைத்தார், அதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அவர் என்ன செய்தார் என்று நீங்கள் பாத்திரம் தேய்க்கப் போனீர்கள்? இப்படிக் கேட்பது மரியாதை இல்லை. கேட்டுவிட்டேன், எழுதியதை அடித்து அழிக்கப் போவதில்லை.

அண்ணியிடம் பேசிவிட்டேன். ஆம், போனில்தான், நானேதான். பஸ் நிலையம்வரை வந்து உங்களை ஏற்றிவிடுகிறேன் என்கிறார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “அத்தை கிளம்புவாங்களா?” தெரியாது என்றேன். இந்தப் பக்கம் பஸ் நிற்கும் இடத்தில் நான் இருப்பேன். அறையில் ஒரு கட்டில்தான். அது உங்களுக்கு.

அன்புடன்,
உங்கள் மருமகள்

கையெழுத்துப் போட்டு மடித்த பிறகு மறுபடி பிரித்துவிட்டேன். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன், கடைசிவரை கேட்காமலே முடித்துவிட்டேன். வாருங்கள், அத்தை. மாமாவிடம் கேட்டுவிட்டு வராதீர்கள். சொல்லிவிட்டு வாருங்கள்.